ஒட்டாத பொட்டு

"மெஷின் பொய் சொல்லுது டீச்சர்."

மங்கையர்க்கரசி டீச்சர் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அதற்குள் பட்டறை வாசலுக்கே வந்து புலம்ப ஆரம்பித்துவிட்டார் வெள்ளைச்சாமி.

டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் மரத்தில் பூ செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷினை ஓட்ட அவருக்குக் கற்றுக்கொடுத்தது டீச்சர்தான். அந்த மரியாதை உண்டு. பேச்சைக் குறைக்கும் அளவுக்கு இல்லை.

செதுக்கும் தலை மேலே ஏறிக் கீழே இறங்குவதில்தான் வில்லங்கம். முதல் இதழ் சரியான ஆழம். அடுத்தது கொஞ்சம் கூடுதல். கடைசி இதழுக்கு வரும்போது மரம் பொத்துக்கொள்கிறது.

இரண்டு பலகை போயிற்று. மிச்சம் ஒன்று.

கதவு கேட்ட அம்மாள், வீடு கட்ட இடம் போதாமல் தன் வீட்டுப் பலாமரத்தை வெட்டியவள். வெட்டிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். அந்த மரமே புது வீட்டு வாசலில் நிற்கட்டும் என்று பலகைகளைக் கூடவே வந்து இறக்கிவிட்டுப் போனாள். இதுவும் ஓட்டையானால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? கடையில் வாங்கி ஈடுகட்டுகிற சரக்கா அது?

செதுக்கும் பிட்டை மாற்றினாராம். மோட்டாரை மாற்றினாராம். கரண்டைத் திட்டினாராம். கம்ப்யூட்டரில் எண்களைக் கூட்டிக் குறைத்தாராம். எல்லாம் ஒரே நாளில். அப்புறம் எது எதனால் என்று ஆண்டவனுக்கே தெரியாது.

"ஸ்க்ரீன்ல அளவு சரியாத்தான் காட்டுது டீச்சர்."

"போகச் சொன்ன இடத்தைக் காட்டுது. போன இடத்தையா காட்டுது?"

வெள்ளைச்சாமி திரும்பி ஸ்க்ரீனை முறைத்துப் பார்த்தார்.

"பலகையை ஓரமா வைங்கண்ணே. இந்த மூடியைக் கழற்றுங்க."

கழற்றினார். உள்ளே, மோட்டாரின் தண்டும் அதன் கீழே நீளும் திருகுத் தண்டும் சேரும் இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் இணைப்பு. மேல் தண்டு சுற்றினால், இது இறுகப் பிடித்துக்கொண்டு கீழ்த் தண்டையும் சுற்றவேண்டும். தலை ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பிடியில்.

டீச்சர் பையைத் திறக்கவில்லை. மீட்டர் எதையும் எடுக்கவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்தார். பாதி தண்டிலும் பாதி இணைப்பிலுமாக ஒட்டினார்.

வெள்ளைச்சாமிக்குச் சிலிர்த்தது. இரண்டும் சேர்ந்து சுற்றினால் பொட்டு அப்படியே இருக்கும். ஒன்று வழுக்கினால் பொட்டு கோணிக்கொள்ளும். எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டோம், இது தோன்றவில்லையே என்று இருந்தது.

மெஷினை ஓட்ட அவர் கையை நீட்டினார்.

பொட்டு விழுந்தது.

டீச்சர் மறுபடி ஒட்டினார். மறுபடி வழுக்கி விழுந்தது.

"ஏண்ணே ஒட்டமாட்டேங்குது?"

"எண்ணெய் டீச்சர்." வெள்ளைச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு வெள்ளிக்கிழமை தவறினதில்ல. சந்தனம் வெச்சு, சூடம் காட்டி, மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு இடம் விடாம என் கையாலேயே எண்ணெய்..."

நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் ஒரு பழைய துணியை நீட்டினார்.

வெள்ளைச்சாமி இணைப்பைக் கழற்றி, எண்ணெய் போகத் தின்னரில் துடைத்து, காயவைத்து, மாட்டி இறுக்கினார். டீச்சர் கைப்பையிலிருந்து வேறொரு பொட்டை எடுத்து ஒட்டினார். அவர் ஒரு டீயைக் குடித்து முடிக்கும்வரை வெள்ளைச்சாமி, பலகை வைக்காமல் செதுக்கும் தலையை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்.

பொட்டு இம்மி நகரவில்லை.

பலகையை ஏற்றினார்கள். கடைசி இதழும் முதல் இதழின் ஆழத்திலேயே விரிந்தது. வெள்ளைச்சாமி அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"பொட்டை எடுத்துடட்டுமா டீச்சர்?"

"இருக்கட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனம் வைத்து, சூடம் காட்டி, குப்பியிலிருந்து மெஷினுக்குக் கீழிருந்து மேலாக எண்ணெய் பூசிக்கொண்டே வந்தார் வெள்ளைச்சாமி.

மூடியைக் கழற்றினால், இணைப்பின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு.

குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.