மீன் கண்ணுக்குத் தெரியாத நூல்

கடைசியில் நீங்கள் சிரிப்பீர்கள், அதற்கு நான் ஜவாப்தாரி. ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். முதலில் நூல் வாங்கணும்.

பிலோமி தூண்டில் கடை வைத்திருந்த படகுத்துறை, தனசிங் முதலாளிக்குச் சொந்தம். ஒருநாள் அவர் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, எனக்கு ஒரே நூல் வேணும். என் கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியணும், மீன் கண்ணுக்குத் தெரியவே கூடாது. ரெண்டு நூலை முடிச்சுப் போட்டு ஒட்டுறதெல்லாம் பஞ்சப்பயலுவ வேலை. நாளைக்கு நூல் வரலேன்னா கடையைக் காலி பண்ணு!"

மறுநாள் பிலோமி மஞ்சள் பின்னல் நூலைக் காட்டினாள். "இந்தாங்க முதலாளி. உங்க எச்சில் பட்டாத்தான் நுனி மறையும். கண்ணை மூடி வாயைத் திறங்க. ம்... நல்லா நனைச்சுக் கடிச்சுப் பிடிங்க!"

முதலாளி கடித்தார், பிலோமி இரண்டு பக்கமும் இழுத்தாள். கண்ணைத் திறந்தால் நுனியில் இரண்டு கை நீளத்துக்கு நூலையே காணோம்!

இரைக்குப் பதிலாகப் பொய்மீனைக் கட்டி வீசினார். பெரிய பாறைமீன் ஒன்று கவ்வியது. நூலைச் சுருட்டும்போது தூண்டில் கம்பின் வளையத்தில் 'டிக்' என்றது.

"என்னம்மா சத்தம்?"

"மீன் உங்களுக்குச் சலாம் போடுது முதலாளி."

"பாத்தியளா, முடிச்சே இல்லாத நூல்!" என்று துறை முழுக்கக் கேட்க மார்தட்டினார். "பிலோமி, இனி இந்தக் கடை உனக்குத்தான்!"

அடுத்த வீச்சில் மீன் இல்லை. ஆனாலும் 'டிக்'. சலாம் போட ஆளில்லையே என்று நூலைத் தடவினார். மஞ்சள் முடிந்த இடத்தில் விரல் தட்டியது. அதற்கப்பால் கண்ணாடி மாதிரி தங்கூசி நரம்பு. நடுவில், எச்சிலில் நனைத்து இறுக்கினால்தான் அறாமல் நிற்கும் முடிச்சு.

முதலாளி மெல்லத் திரும்பினார்.

"அடியே பிலோமி... அப்போ இதை இறுக்கினது நானா?"