கதாபாத்திரத்துக்குள் இறங்கிய சடையாண்டி

கொட்டாவிப்பட்டி வாசகசாலைப் பக்கம் இளவட்டங்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. இப்படியே போனால் கட்டடத்தை உரக் கிடங்கு ஆக்கிவிடுவேன் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிவிட்டார். வாசகசாலையைக் கவனித்துவந்த சடையாண்டி, மொக்கராசு, இருளப்பன் மூவருக்கும் சோறு இறங்கவில்லை. வாசகசாலை போய்விட்டால் மத்தியானம் எங்கே தூங்குவது?

"பதின்வயசுப் பிள்ளைங்களுக்குப் பிடிக்கிற மாதிரி நாமளே ஒரு சிறுகதை எழுதி வாசிப்போம். ஓடி வந்துருவாங்க" என்றார் சடையாண்டி.

ஆனால் எப்படி எழுதுவது? மதுரையில் இருக்கும் எழுத்தாளர் கோமளவல்லிக்குப் போன் போட்டார்கள். பாவம், அந்த அம்மா நல்லபடியாகத்தான் சொன்னார்: "முதல்ல நல்ல கருவா எடுத்துக்கோங்க."

மொக்கராசு ஓடிப்போய் ஓர் அட்டை முட்டை வாங்கி வந்தார். உடைத்து வைத்துக்கொண்டு மூவரும் யோசித்தார்கள்.

"வெள்ளைக் கருவா, மஞ்சக் கருவா?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு வெள்ளை. பெரியவங்களுக்கு மஞ்சள். இவங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்காங்களே?"

"அப்பக் கலக்கிரு."

கலக்கித் தாளில் ஊற்றினார்கள். பேனா வழுக்கியதே தவிர எழுத்து வரவில்லை. மறுபடியும் போன்.

"கதாபாத்திரத்துக்குள்ள இறங்கிப் பார்த்தீங்களா?"

"அடடா, இறங்கவே இல்லையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். எதிர்த்த கல்யாண மண்டபத்திலிருந்து, வாய் குறுகின பிரியாணி அண்டா ஒன்றை உருட்டி வந்தார்கள். சடையாண்டி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.

"உள்ள என்ன தெரியுது மாமா?"

"ஒண்ணும் தெரியலை. பட்டை, லவங்கம் வாசம் வருது."

"ஆழமான பாத்திரம்!" என்று இருளப்பன் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வரும்போதுதான் தொப்பை மாட்டிக்கொண்டது. கையைப் பிடித்து இழுத்தார்கள். அண்டாவும் கூடவே வந்தது. அது டமடமவென்று வாசகசாலை முழுக்க உருள, உள்ளிருந்து சடையாண்டி அலற, மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பெஞ்சு நிரம்பிவிட்டது.

"மேடம், பிள்ளைங்க வந்துட்டாங்க! இப்ப என்ன செய்ய?" என்று மொக்கராசு போனில் கத்தினார்.

அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "கதை அவங்களை அப்படியே கட்டிப்போடணும்!"

தாம்புக்கயிறு வந்தது. சிரித்த சிரிப்பில், கட்டி முடிக்கும்வரை பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே நுழைந்தார். பெஞ்சு நிறைய இளவட்டம். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை, ஒருத்தி கையிலும் செல்போன் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உரத்தை வேற எங்கயாவது கொட்டிக்கலாம்யா" என்று சொல்லி, முன்வரிசையில் தானும் உட்கார்ந்தார். அவரையும் கட்டினார்கள்.

இருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு கதையை வாசித்தார். மொத்தமே பட்டை, லவங்கம் வரைக்கும்தான் இருந்தது. எப்படி முடிப்பது? ஸ்பீக்கரைப் போட்டுப் போனில் கேட்டார்கள்.

"முடிவை நீங்க சொல்லாதீங்க. வாசகர்கள் கையிலேயே விட்டுடுங்க."

மூவரும் பெஞ்சைப் பார்த்தார்கள். கடைசியில், அண்டாவுக்கு மேலே கழுத்தை நீட்டிச் சடையாண்டிதான் கேட்டார்:

"கை எல்லாம் கட்டியிருக்கு மேடம். கால்ல விட்டாப் பரவாயில்லையா?"