எல்லோருக்கும் கேட்ட கூப்பாடு

ஒரு காட்டில் மூங்கிலைவிட மரியாதை அடர்த்தியாக வளர்ந்திருந்தது.

அங்கே சின்ன விலங்குகள் பெரிய விலங்குகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யானைக்கு மாதங்கி என்று அழகான பெயர் உண்டு. காட்டுப்பன்றியின் பெயர் கேழன். குரங்கின் பெயர் தாண்டவன். மயிலின் பெயர் மயூரன். இருந்தும் என்ன? எதிரே வந்தால், "வணக்கம், பெரியவங்களே" என்று சொல்லி ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

உதவி கேட்பதானாலும் பொதுவாகத்தான் கேட்க வேண்டும். "நீங்க வாங்க" என்று ஒருவரைச் சுட்டிச் சொல்லிவிட்டால் போச்சு. "பார்த்தியா, பெரியவங்களையே வேலை ஏவுறா" என்று மரத்துக்கு மரம் பேச்சு போகும்.

அந்தக் காட்டில் செம்மணி என்றொரு சருகுமான் இருந்தாள். சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? முயல் அளவுதான் இருக்கும். கால்கள் ஈர்க்குச்சி மாதிரி. பக்கத்தில் ஓர் இலை விழுந்தால் அது ஓடிப் புதருக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகு, இலைதான் விழுந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வரும்.

செம்மணிக்குப் பயம் கொஞ்சம் கூடுதல். முதல் குட்டி பிறந்த பிறகு அது இன்னும் கூடிப்போனது. குட்டியின் பெயர் பொட்டு. பொட்டு தும்மினால் அவளுக்குப் பயம். தும்மாவிட்டாலும் பயம். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பாள். வருகிறது என்று தெரிந்ததும், "ஐயோ, எழுப்பிவிட்டேனோ" என்று அடுத்த பயம் தொடங்கும்.

பொட்டுவுக்கோ பயம் என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டில் இருந்த பயம் முழுவதையும் அம்மாவே எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில், மலைமேல் பெய்த மழையால் ஓடையில் புதுத் தண்ணீர் வந்தது. புதுத் தண்ணீர் வந்தால் அந்தக் காடே வேடிக்கை பார்க்கக் கூடிவிடும். செம்மணியும் குட்டியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"என் காலை ஒட்டியே நில்லு, கண்ணு."

"சரிம்மா."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு தவளை குதித்தது. பொட்டுவும் அதன் பின்னால் குதித்தான். ஈச்சம் புதருக்குப் பின்னால் எப்போதோ யாரோ மண் எடுத்துவிட்டுப் போன பழைய குழி ஒன்று இருந்தது. தவளை அந்தப் பக்கம் போய் விழுந்தது. பொட்டு குழிக்குள் விழுந்தான்.

செம்மணி ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். குட்டிக்கு அடி ஒன்றும் படவில்லை. ஆனால் சுவர் முழுக்க வழவழவென்று களிமண். ஏற வழியில்லை. போதாததற்கு, பெருகி வந்த ஓடைத் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, கால்ல ஜில்லுனு இருக்கு" என்றான் பொட்டு, சந்தோஷமாக.

செம்மணி திரும்பி ஓடினாள். எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, தலையைத் தாழ்த்தினாள்.

"பெரியவங்களே, தொந்தரவுக்கு மன்னிக்கணும். குட்டி குழியில விழுந்துட்டான். தண்ணி ஏறுது. யாராவது கொஞ்சம் வர முடியுமா?"

கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் வந்தார்கள். யானை வந்தது, பன்றி வந்தது, குரங்கு பக்கத்து மரக்கிளையில் வந்து உட்கார்ந்தது, மயில் தோகையைச் சரிசெய்துகொண்டு வந்து சேர்ந்தது. குழியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அதோடு சரி.

மயூரன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குக் குட்டியைப் பார்த்துக்கத் தெரியலை. என் பிள்ளைங்க ஒருத்தராவது இப்படிக் குழியில விழுந்திருக்காங்களா?"

மயூரன் தன் பிள்ளைகளை ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை. அது அவர் மனைவியின் வேலை. ஆனால் செம்மணிக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. முகம் சுருங்கிப்போனது.

அவள் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். எல்லா முகங்களும் அமைதியாக இருந்தன. ஒருவர் கண்ணிலும் பதற்றம் இல்லை.

'இத்தனை பெரியவங்க பதறாம நிக்கறாங்களே. நான்தான் சின்ன விஷயத்தைப் பெருசாக்குறேனோ? நான் பயந்தாங்கொள்ளின்னு காட்டுக்கே தெரியுமே.'

"அம்மா, இப்ப வயித்துல ஜில்லுனு இருக்கு" என்றான் பொட்டு.

இல்லை, இது சின்ன விஷயம் இல்லை. குழியின் சுவர் எங்கேயாவது தாழ்ந்திருக்குமா என்று பார்க்க, செம்மணி அதைச் சுற்றி ஓடினாள். வழியெல்லாம் பெரியவர்களின் கால்கள். அவள்தான் முயல் அளவு ஆயிற்றே, அந்தக் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடினாள். அப்போதுதான், முகம் பார்த்து நின்றபோது கேட்காதது எல்லாம் அவள் காதில் விழுந்தது.

யானையின் வயிற்றுக்குக் கீழே போனாள். மேலே மாதங்கி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னவோ மனசு அடிச்சுக்குது. ஆனா நிஜமா ஆபத்துன்னா அந்தக் குரங்கு இந்நேரம் கத்தி ஊரைக் கூட்டியிருக்குமே. அதுவே சும்மா இருக்கு. ஒண்ணும் இருக்காது."

குரங்கு இருந்த மரத்தடிக்குப் போனாள். தாண்டவன் தன் மனைவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"கத்தலாம்னு வாயைத் திறந்தேன்டீ. யானையைப் பார்த்தேன். மலை மாதிரி அசையாம நிக்குது. நாம கத்தி, ஒண்ணுமில்லைன்னு ஆச்சுன்னா மானம் போயிடும். மூடிட்டேன்."

"நல்ல வேளை மூடினீங்க" என்றாள் மனைவி. "போன தடவை தேங்காய் விழுந்ததுக்குப் புலின்னு கத்தினீங்க."

பன்றியைத் தாண்டினாள். கேழன் மண்ணை ஒரு காலால் கீறிக் கீறி நின்றார்.

"போகலாம்தான். போனா என்ன? ஆனா யானையும் குரங்கும் இருக்கறப்ப நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால போய் நின்னா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

செம்மணி அப்படியே நின்றுவிட்டாள்.

இவர்களில் யாருக்கும் கல் மனசு இல்லை. அவளுக்கு இருந்த அதே பயம் இவர்கள் வயிற்றிலும் இருந்தது. ஆனால் வயிற்றில் இருந்ததை யாரும் முகத்தில் காட்டவில்லை. ஒருவர் மூடி வைத்த முகத்தைப் பார்த்து இன்னொருவர் மூடிக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் மூடிக்கொண்டார். அந்த முகங்களைப் பார்த்து அவளே கொஞ்சம் முன்னால் ஏமாந்துபோனாளே.

'நான் காட்டைக் கூப்பிட்டேன்' என்று நினைத்தாள் செம்மணி. 'காடு எப்படி வரும்? காட்டுக்குக் காலா இருக்கு?'

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. இப்போது அதில் சந்தோஷம் இல்லை.

"அம்மா, கழுத்துகிட்ட ஜில்லுனு இருக்கு."

செம்மணி ஓடிப்போய் மாதங்கியின் முன்னால் நின்றாள். இந்த முறை தலையைத் தாழ்த்தவில்லை. நிமிர்ந்து, யானையின் கண்ணைப் பார்த்தாள்.

"மாதங்கி அக்கா" என்றாள்.

மயூரனின் தோகை ஓர் இறகு பாக்கியில்லாமல் சிலிர்த்தது. "பேர் சொல்றா" என்று யாரோ மரத்தில் சொன்னார்கள்.

மாதங்கி ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"என்னையா?"

"உங்களைத்தான் அக்கா. இந்தக் காட்டில வேற மாதங்கி கிடையாது. அந்த மருத மரத்துல ஒரு நீளக் கிளையை ஒடிச்சுக் குழிக்குள்ள விடுங்க. கரை ஓரத்துல மிதிச்சிடாதீங்க, மண்ணு சரிஞ்சிடும். தள்ளி மண்டி போட்டு, தும்பிக்கையால நீட்டிப் பிடிச்சுக்கங்க."

"அவ்வளவுதானே?" என்றார் மாதங்கி. இத்தனை நேரம் மலை மாதிரி நின்றவர், அடுத்த நொடி மருத மரத்தடியில் இருந்தார்.

"கேழன் அண்ணே, தண்ணி இறங்குற வாய்க்காலை மண்ணைத் தள்ளி அடைச்சிடுங்க."

"மண்ணுதானே? மண்ணு விஷயத்தை என்கிட்ட விட்டுடு." அவள் அடுத்த பேச்சு பேசுவதற்குள் கேழன் மூக்கால் மண்ணை உழ ஆரம்பித்துவிட்டார். முந்திரிக்கொட்டையைப் பற்றி அவருக்கு நினைப்பே இல்லை.

"தாண்டவன் அண்ணே, அக்கா பிடிக்கிற கிளை வழியா இறங்கிக் குட்டியைத் தூக்கிட்டு வாங்க."

"நானா? சரி. கத்தவும் வேணுமா?"

"முதல்ல தூக்கிட்டு வாங்க அண்ணே. அப்புறம் கத்துங்க."

கிளை இறங்கியது. கிளை வழியே தாண்டவன் இறங்கினார். கிளை வளைந்தது, மாதங்கி தும்பிக்கையை இறுக்கினார். வாய்க்கால் அடைபட்டது. கழுத்தளவுத் தண்ணீர் கழுத்தளவிலேயே நின்றது. தாண்டவன் கையை நீட்டினார்.

"வாடா தம்பி."

பொட்டு பின்வாங்கினான்.

"வர மாட்டேன். தெரியாதவங்க கூப்பிட்டாப் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா."

செம்மணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் சொன்னதில் ஒன்றையாவது குட்டி காதில் வாங்கியிருக்கிறான், அதைக் காட்ட இந்த நேரம் பார்த்தானே.

"கண்ணு, அது தாண்டவன் மாமா. நான்தான் அனுப்பினேன். போய் ஒட்டிக்கோ."

"மாமாவா?" என்றான் பொட்டு. "சரி." இரண்டு முன்னங்கால்களையும் குரங்கின் கழுத்தில் போட்டுக்கொண்டான். மாதங்கி கிளையைத் தூக்கினார். கிளையோடு குரங்கும், குரங்கோடு குட்டியும் வெளியே வந்தார்கள்.

தாண்டவன் குட்டியைத் தரையில் வைத்துவிட்டு, செம்மணி சொன்னபடியே கத்தினார். அடுத்த மலையிலிருந்து ஒரு மிளா மான் கூட்டம் என்ன ஏது என்று விசாரிக்க ஓடி வந்தது.

அதற்குள் இங்கே பேச்சு களைகட்டிவிட்டது.

"நான் அப்பவே நினைச்சேன், இது ஆபத்துன்னு."

"நீ நினைச்சே. எனக்குக் குட்டி விழறதுக்கு முன்னாடியே தெரியும்."

"குழியைப் பார்த்தப்பவே சொன்னேனே" என்றார் மயூரன், எல்லோரையும்விட சத்தமாக. என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தாங்கள் என்ன சொன்னோம் என்றும் கேள்வி வருமே.

செம்மணி குட்டியைத் தலையிலிருந்து வால் வரை நக்கிக் கொடுத்தாள். அதுவரை மூட்டை கட்டி வைத்திருந்த நடுக்கம் இப்போது மொத்தமாக வந்தது. அந்த நடுக்கத்தோடே மாதங்கியிடம் போனாள்.

"மன்னிச்சிடுங்க, பெரியவங்களே. அவசரத்துல பேர் சொல்லிட்டேன்."

மாதங்கி தும்பிக்கையால் அவள் முதுகை மெதுவாகத் தடவினார்.

"நீ முதல்ல 'பெரியவங்களே'ன்னு கூப்பிட்டியே, அப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்குப் பின்னாடி இன்னும் பெரியவங்க யாரோ நிக்கறாங்கன்னு நினைச்சேன்."

செம்மணி யானையை அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். மாதங்கியும் சிரித்தார். யானை சிரித்தால் காது ஆடும், காது ஆடினால் காற்று வரும். கேழன் மூக்கிலிருந்த காய்ந்த மண் அந்தக் காற்றில் பறந்தது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாரையும் கூப்பிட்டா" என்று மயூரன் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னார். "குரங்கைக்கூடக் கூப்பிட்டா. எனக்கு மட்டும் என்ன, பேர் இல்லையா?"

"மயூரன் மாமா" என்றாள் செம்மணி உடனே. "குட்டி நனைஞ்சு நடுங்குறான், ஓடைக் காத்து வேற அடிக்குது. உங்க தோகையை விரிச்சு ஒரு மறைப்புக் கட்ட முடியுமா? இதை வேற யாராலயும் செய்ய முடியாது."

"முடியாதுதான்" என்றார் மயூரன். தொண்டையைச் செருமிக்கொண்டார். தோகையை விரித்தார்.

அதன் பின்னால் படுத்துப் பொட்டு பால் குடித்தான். பிறகு தூங்கினான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். வெயில் ஏறியது. மயூரன் போகவில்லை. கால் மாற்றி வைக்கவும் இல்லை. ஒரு ஈ அவர் அலகின் மேல் உட்கார்ந்து, நடந்து, திரும்பி நடந்து, பறந்து போனது. அவர் அசையவில்லை. காற்று அவர் பக்கம்தான் அடித்தது, வேலையும் அவர் பெயருக்குத்தான் வந்திருந்தது.

நீதி: ஊரையே கூப்பிட்டால் ஊர் வேடிக்கை பார்க்கும், ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் ஓடி வருவார்.