வித்தியாசத்தைத் திருப்பித் தருவோம்

கொடுத்த வாக்கை மீறியவனைத் துரோகி என்று சொல்லிவிடலாம்; அதில் குழப்பமில்லை. கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிய ஒருவரால் இரண்டு நண்பர்கள் முகம் பார்க்க முடியாமல் போன கதை இது. முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. அவசரப்படாமல் கேளுங்கள்.

திண்டுக்கல்லில் ஒரு குறுகலான கடைவீதி. ஒரு பக்கம் பூபாலனின் வீட்டு உபயோகப் பொருள் கடை. மூன்று மாடி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. நேர் எதிரே சிக்கந்தர் பாயின் கடை. அதே சாமான்கள், தலைக்கு மேல் ஒரே ஒரு மின்விசிறி. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்த இருதயராஜ் வேலை முடிந்தால் சிக்கந்தரின் கடைப்படியில்தான் வந்து உட்காருவார். டீ வரும், பேச்சு வரும். பல வருடப் பழக்கம்.

அந்தப் படியில் உட்கார்ந்தபடிதான், எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியில் புதிதாக மாட்டியிருந்த பலகையை அவர் படித்தார். ‘இதே பொருள் வேறு கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவோம்.’ பூபாலன் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் பலகையின் அடிச்சட்டம்தான் தெரியும். கழுத்துதான் வலிக்கும்.

“வியாபாரம்னா இப்படி இருக்கணும் பாய்,” என்றார் இருதயராஜ்.

சிக்கந்தர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் தங்கை ஸ்டெல்லாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராக ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும். பெரிய கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்தான் சம்பந்தி வீட்டில் மதிப்பு என்று ஸ்டெல்லா ஒற்றைக்காலில் நின்றாள். பலகை இருக்கும்போது ஏமாற வழியில்லை என்று இருதயராஜும் பேரம்கூடப் பேசாமல் பூபாலனிடம் வாங்கிவிட்டார்.

மாலையில் சிக்கந்தர் கேட்டார். “என்னண்ணே, ரோட்டைத் தாண்டிட்டீங்க போலிருக்கு?”

“தங்கச்சி புடிவாதம் பாய். தப்பா எடுத்துக்காதீங்க.”

“சரி விடுங்க, என்ன விலை போட்டாரு?”

சொன்னார். சிக்கந்தர் சிரித்துவிட்டார். அவர் கடையில் அதே ஃபிரிட்ஜ் எண்ணூறு ரூபாய் குறைவு.

“அப்போ ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. பலகை மெய்யா பொய்யான்னு பாத்துடுவோம்.”

சிக்கந்தரின் பேனா கொஞ்ச நேரம் காகிதத்தைத் தொடவே இல்லை. பிறகு, கேட்பவர் இருதயராஜ் ஆயிற்றே என்று எழுதிக் கொடுத்தார்.

பூபாலன் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, எண்ணூறையும் கையில் வைத்தார். “நாலு பேருக்குச் சொல்லுங்க சார்,” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இருதயராஜுக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்தப் பணத்தில் அல்வா வாங்கி, சிக்கந்தருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். நாலு பேர் என்ன, மின்வாரிய ஆபீஸ் முழுக்கச் சொன்னார்.

அதன் பிறகு சிக்கந்தர் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வருவார்கள், விலை கேட்பார்கள், சீட்டு எழுதி வாங்குவார்கள், ரோட்டைத் தாண்டுவார்கள்.

அடுத்த தையில் ஸ்டெல்லாவின் இளைய மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரில் அக்காளுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று செய்ய முடியாது. ஒரு குண்டுமணி குறைந்தாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். எனவே அதே ஃபிரிட்ஜ்தான். இந்தத் தடவை யார் தடுத்தாலும் பாய் கடையில்தான் என்று இருதயராஜ் உறுதியாகப் போனார்.

சிக்கந்தர் விலையைச் சொன்னார். போன வருடம் பூபாலன் போட்டதைவிட இரண்டாயிரம் அதிகம்.

“கம்பெனிக்காரன் ஏத்திட்டானா?”

“கம்பெனி ஏத்தலண்ணே.”

எதிரே போய் விசாரித்தார். அங்கும் ஒரு ரூபாய் பிசகாமல் அதே விலை. திரும்பி வந்து கேட்டார்.

“நீங்களுமா பாய்? ரெண்டு பேரும் கூட்டு சேந்துட்டீங்களா?”

“கூட்டா? அந்த ஆளோட ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் குறைச்சா அவரும் குறைப்பாரு. ஏசிக்குள்ளதான் சனம் போவும். நான் சீட்டு எழுதத்தான் கடை வச்சிருக்கேனா? சரின்னு ஏத்தினேன். அவரும் ஏத்தினாரு. அப்புறம் அவரு ஏத்தினாரு, நானும் ஏத்தினேன்.” பேனாவை மூடி வைத்தார். “அன்னைக்கு அல்வா குடுத்தீங்களே, இன்னும் தொண்டையை விட்டு எறங்கலண்ணே.”

இருதயராஜுக்குச் சுரீரென்றது. எல்லோரிடமும் ஏமாறலாம், இந்தப் படியிலுமா? அடுத்த கணமே, அந்தப் பேனா தயங்கி நின்றது நினைவுக்கு வந்தது. அதை அன்றே பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தவர் யார்? அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. பூபாலனிடமே போனார்.

“எங்கயாவது குறைவாக் கிடைச்சா சொல்லுங்க சார், இப்பவே திருப்பித் தர்றேன்,” என்றார் பூபாலன். சொன்னால் தந்திருப்பார்தான். சொல்வதற்குத்தான் அதைவிடக் குறைவாக விற்கும் கடை அந்த வீதியில் இல்லை.

ஃபிரிட்ஜ் சீர் வரிசையில் போய் நின்றது. இருதயராஜ் மறுபடி அந்தப் படியில் உட்காரவில்லை.

பூபாலன் சொன்ன சொல் தவறவில்லை. சிக்கந்தர் பிழைக்கும் வழியைப் பார்த்தார். இருதயராஜ் நாலு பேருக்கு நல்லது என்று நம்பித்தான் ஊரெல்லாம் சொன்னார். அப்படியானால், இதில் துரோகம் செய்தவர் யார்?

விடை: பலகை எங்கிருந்து படிக்கத் தெரிந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். வாங்க வந்தவர் கண்ணுக்கு அடிச்சட்டம். எதிர்க்கடையில் இருப்பவர் கண்ணுக்கு ஒவ்வொரு எழுத்தும். ‘நீ குறைத்தால் நானும் குறைப்பேன், உன்னிடம் ஆள் வராது’ என்று சிக்கந்தருக்கு எழுதிய மிரட்டல் அது. அதைத் தனக்குக் கொடுத்த வாக்கு என்று இருதயராஜ் படித்துக்கொண்டார். நட்புக்குத் துரோகம் செய்தது அவர்தான் என்று நீங்கள் சொன்னால், அவரும் மறுக்கமாட்டார். ஆனால் ஊருக்கே அல்வா கொடுத்தவர் பூபாலன். பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்தான் இருதயராஜ்.