கடைசியாகத் தொட்டவர்

தென்காசியில் ஒரு மாடிக்கடை. கெட்டுப்போன கணினிகளை எழுப்பித் தருகிற, அந்த வேலையைக் கற்றும் கொடுக்கிற இடம். ஆசிரியை மெகருன்னிசாவுக்கு வயது முப்பத்தைந்து. மாணவர் தவசிக்கு நாற்பத்தெட்டு. டிவி ரிப்பேர் தொழில் படுத்தபிறகு கற்றுக்கொள்ள வந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். அதில் இரண்டு பேருக்கும் கூச்சமில்லை.

உறுத்தல் வந்தது ஜெபசிங் வந்தபிறகுதான். மில் மூடியதால் வேலை போன குமாஸ்தா. தவசிக்கு எட்டு மாதம் பின்னால் சேர்ந்தவர். சேர்ந்த மூன்றாம் மாதமே அவர் கையில் டீச்சர் ஹார்ட் டிஸ்க் வேலையைக் கொடுத்துவிட்டாள். ஊராருடைய கடுதாசி, படம், பாட்டு எல்லாம் குடியிருக்கிற பெட்டி அது. தவசி இன்னும் ஃபேனில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஜெபசிங் சிரித்தால் இவருக்குச் சோறு இறங்காது. ஜெபசிங் கேட்கிற கேள்விக்கு டீச்சர் ஒரு வார்த்தை அதிகமாகச் சேர்த்துப் பதில் சொன்னால், அந்த ஒரு வார்த்தையை ராத்திரி முழுக்க உருட்டிக்கொண்டு கிடப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"பின்னால வந்தவருக்கு முன்னால கொடுத்தீங்களே டீச்சர், ஏன்?"

அவள் கையிலிருந்த திருகாணியைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கே இன்னும் சரியாத் தெரியல, அண்ணாச்சி."

அந்தப் பதில் அவருக்குள் கிடந்து புளித்தது. அன்று பிற்பகல் ஜெபசிங், ஸ்டூடியோ புஷ்பகலாவின் கணினியைச் சரிசெய்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். கணினி கண்விழிக்கும்போது எங்கெங்கே போய்த் தன் சரக்கைத் தேட வேண்டும் என்று அதற்குள் ஒரு வரிசை எழுதியிருக்கும். தவசி அந்த வரிசையைத் திறந்தார். ஹார்ட் டிஸ்க்கை அதிலிருந்து எடுத்தார். மூடினார். எண்ணி ஒரு நிமிஷம். டிஸ்க்கில் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் இனி அந்தக் கணினி அதன் பக்கமே திரும்பாது. சாயங்காலம் புஷ்பகலா வந்து, போட்டுப் பார்க்கக்கூட நிற்காமல் எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை அதைச் சுமந்துகொண்டே மாடியேறி வந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நிற்கிறதாம், அதற்குமேல் நகரவில்லையாம். டிஸ்க் செத்துப்போச்சு, எல்லாவற்றையும் அழித்துப் புதுசாப் போட்டால்தான் ஓடும் என்கிறாராம் பக்கத்துக் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தின் படம் அத்தனையும் அதில்தான். வேறு நகல் கிடையாது.

"நான் விடும்போது நல்லா ஓடுச்சு," என்றார் ஜெபசிங்.

"நல்லா ஓடுன சிஸ்டம் ஒரே ராத்திரியில கோவிச்சுக்கிட்டுதாக்கும்?" என்றாள் புஷ்பகலா.

இந்தக் காட்சியைத்தான் தவசி மனசுக்குள் பலதடவை ஓட்டிப் பார்த்திருந்தார். அவர் ஓட்டியதில் கல்யாணப் படங்கள் இல்லை. அழித்துப் போடலாம் என்கிற பக்கத்துக் கடைக்காரரும் இல்லை.

மெகருன்னிசா கணினியைத் தவசி பக்கம் தள்ளினாள். நீங்களே பாருங்கள் என்றாள்.

பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் எதையெதையோ கழற்றி மாட்டினார். பிறகு டிஸ்க்கை வரிசையில் சேர்த்தார். கணினி விழித்துக்கொண்டது. திரை முழுக்க ஒரு கல்யாணப் பெண் லட்டு வாயோடு சிரித்தாள். புஷ்பகலா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் மூன்று வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கணினிமேல் சீட்டு ஒட்ட வேண்டும். திரை என்ன சொன்னது, கோளாறு எங்கே, அதற்குமுன் கடைசியாகத் தொட்டவர் யார். முதல் இரண்டும் சரசரவென்று வந்தன. மூன்றாவதில் பேனா நின்றது. நேற்றைய சீட்டு ஜெபசிங் கையெழுத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பேரையே எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை. ஜெபசிங்கே மறுக்கமாட்டார், கைதவறி ஏதோ செய்துவிட்டோம் என்று இதற்குள் அவரே நம்பத் தொடங்கியிருந்தார். டிஸ்க் வேலை தவசியிடம் வரும். தன் பேரை எழுதினால் நாளைக்கு இந்த மாடிப்படி கிடையாது. நாற்பத்தெட்டு வயசுக்குமேல் வேறெந்தப் படியில் ஏறுவது?

தவசி என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

மெகருன்னிசா படித்தாள். அந்தம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். சொன்னார். புஷ்பகலா திட்டிய திட்டு கீழே டீக்கடைவரை கேட்டிருக்கும். கணினியை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தவசியோடு திரும்பும்போது, ஜெபசிங் படியில் நின்று கேட்டார்.

"அந்த வரிசையை எப்படித் திறந்தீங்க, அண்ணாச்சி? எனக்கு அதுக்குள்ள போகவே பயம்."

தவசி மேலே போய்த் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மெகருன்னிசா ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் துணியால் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். யாரோ ஒரு டாக்டருடையது, பத்து வருஷத்து நோயாளிகள் இதில் இருக்கிறார்கள், திறந்து பாருங்கள் என்றாள்.

அவர் தொடவில்லை.

"இவ்வளவுக்கும் பிறகு என்னை எப்படி நம்புறீங்க, டீச்சர்?"

"உங்கள விடுங்க, அண்ணாச்சி. ஜெபசிங்கை எப்படி நம்புறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள் மெகருன்னிசா. "அவரு இன்னும் ஒண்ணும் கெடுக்கலையே, சீட்டுல யார் பேரை எழுதுவாருன்னு பார்க்க."