கழன்று விழுந்த முடி

அன்றைக்குப் படப்பிடிப்பில் இருந்தவர்கள் ஏழு பேர். பாடகர் டென்சில், அவருடைய ராக் குழுவில் மற்ற மூவர், கேமராமேன் காதர், இயக்குநர் பிரமீளா, அவரிடம் தொழில் கற்க வந்த சற்குணம்.

சற்குணத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாண வீடியோ எடுத்துச் சலித்துப்போய், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் சிஷ்யராகச் சேர்ந்தவர். ராக் பாட்டு வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று தலைகீழ்ப் பாடமாகச் சொல்வார். பெடஸ்டல் ஃபேனைப் பிடிப்பது அவர் வேலை.

கடைசி டேக். பாட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முடி இன்னும் பறக்கட்டும் என்று சற்குணம் ஃபேனின் வேகத்தைக் கூட்டினார். டென்சிலின் நீண்ட முடி மொத்தமாகக் கழன்று தரையில் விழுந்தது.

டோப்பா. குழுவில் இருந்தவர்களுக்கே அது தெரியாது.

கேமரா நின்றிருக்கும் என்று நினைத்து சற்குணம் உள்ளே போனார். டோப்பாவை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பிரமீளா ‘கட்’ சொல்லவில்லை. டென்சிலும் பாட்டை நிறுத்தவில்லை. வழுக்கைத் தலையில் விளக்கு பட, மீதிப் பாட்டை சற்குணத்தின் முகத்தைப் பார்த்தே பாடி முடித்தார். சற்குணத்துக்கு டோப்பாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் எடிட்டிங் அறையில் இருவர் மட்டும். திரையில் நாற்பத்தொரு ஷாட்.

“ராக் வீடியோன்னா என்னென்ன வேணும், சற்குணம் சார்?”

“புகை, மேடம்.”

புகை வந்த ஷாட்டுகளை பிரமீளா நீக்கினார்.

“அப்புறம்?”

“கிடார்காரர் முட்டி போட்டு வாசிக்கணும்.”

அவையும் போயின.

“நான் சொல்றதையெல்லாம் தூக்கிட்டே வர்றீங்களே, மேடம்.”

“கேட்டுத்தானே தூக்கறேன். அப்புறம்?”

“முடி பறக்கணும்.” குரல் இறங்கியிருந்தது.

மற்றவையும் போயின. கடைசி டேக் மட்டும் நின்றது.

“அப்புறம்?”

“ஒரு ஷாட் மூணு செகண்டுக்கு மேல போகக் கூடா...” சற்குணம் முடிக்கவில்லை.

பிரமீளா அந்த ஷாட்டை ஓடவிட்டார். நாலே கால் நிமிடம்.

“இது வேணாம் மேடம். பாவம் டென்சில் சார். ஊரே சிரிக்கும்.”

“காலையில வந்து பார்த்துட்டுப் போனாரு.”

“என்ன சொன்னாரு?”

“இனிமே தலை அரிக்காதுன்னாரு. இதையே வைங்கன்னாரு.”

“இருந்தாலும் வேணாம், மேடம்.”

“அவருக்கு வெக்கமில்லை. நீங்க யாருக்காகக் கேக்கறீங்க?”

திரையில் சற்குணத்தின் வாய் விரியத் திறந்திருந்தது. பல்லெல்லாம் தெரிந்தது. பக்கத்தில் டென்சில், அந்த வாயைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். சற்குணத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நான் சிரிக்கறதை மட்டும் வெட்டிடலாம் மேடம். அஞ்சு செகண்டுதான். பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

பிரமீளா நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

“வெட்டுங்க. ஆனா, வெட்டினா அது ரெண்டு ஷாட் ஆயிடும்.”

சற்குணம் உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை தன் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியைத் திருப்பித் தந்தார்.

திரையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஷாட்.