கடைசி எட்டு பைட்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று, சீடருக்கு ஐம்பது. முறை தலைகீழாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். அவர்கள் இருவருக்கும் அதில் வருத்தமில்லை.

குருவின் பெயர் தமயந்தி. கோவை கணபதியில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே, இயந்திரங்களுக்குள் வைக்கும் சின்னச் சில்லுகளுக்கு நிரல் எழுதும் கூடம் ஒன்றை நடத்திவந்தார். சீடர் கந்தவேல், பெரிய மென்பொருள் கம்பெனியில் இருநூறு பேரை மேய்த்தவர். யார் எதைக் கேட்டாலும் "டீமைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்தது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்.

"என்ன வேணுமுங்ணா?"

"யாரையும் கேக்காம நானே பதில் சொல்ற மாதிரி ஒரு நிரல் எழுதணும் அம்மணி. ஒண்ணே ஒண்ணு போதும்."

தமயந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைக் காட்டினார். அதன் முன்னால் ஒரு கறுப்புத் திரை மட்டும் இருந்தது.

அங்கே வேலை இப்படித்தான். வரிக்கு ஒரு கட்டளையாக எழுத வேண்டும். கோப்பின் பெயரைச் சேர்த்து அசெம்பிளர் என்னும் மாற்றித் தரும் நிரலைக் கூப்பிட்டு என்டர் தட்டினால், எழுதியதை அது அப்படியே சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும். தன் பங்குக்கு ஒன்றைக் கூட்டாது. நாம் அசடாக எழுதினால் அந்த அசட்டையும் பத்திரமாக மாற்றித் தரும்.

கந்தவேலுக்குக் கிடைத்த முதல் வேலை, பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ராக்கியப்பனுக்குக் குஞ்சு பொரிக்கும் பெட்டி. உள்ளே வெப்பம் ஏறினால் ஹீட்டரை அணைக்க வேண்டும், இறங்கினால் போட வேண்டும். முட்டைத் தட்டை அவ்வப்போது சாய்க்க வேண்டும். வெப்பத்தைத் திரையில் காட்ட வேண்டும். இத்தனையும் இரண்டாயிரத்துச் சொச்சம் பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு கைபேசிப் படத்தின் மூலைகூட அதற்குள் அடங்காது.

பெட்டிக்கு முன்பணம் கொடுக்க வந்த ராக்கியப்பன் கந்தவேலைப் பார்த்தார்.

"இவரு ஆருங்க?"

"கத்துக்க வந்தவருங்க" என்றார் தமயந்தி.

ஐம்பது வயதில் அப்படிச் சொல்லக் கேட்பது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. கந்தவேல் திரையைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிரல் எழுதி முடித்தபின் சில்லில் இடம் மிஞ்சினால், எழுதியவர் தன் பெயரை அந்தக் கடைசி பைட்டுகளில் வைத்துக்கொள்ளலாம். வெளியே யாருக்கும் தெரியாது. சில்லு உள்ளவரை பெயர் உள்ளே இருக்கும், அவ்வளவுதான். கந்தவேல் வாரக்கணக்கில் செதுக்கிச் செதுக்கி எழுதினார். முடிவில் மிஞ்சியது எட்டு பைட். எழுத்துக்கு ஒரு பைட் வேண்டும்; ஆங்கிலத்தில் அவர் பெயரும் எட்டு எழுத்துத்தான். வைத்தார். என்டர் தட்டினார். 'பிழை எதுவும் இல்லை' என்றது அசெம்பிளர். இருநூறு பேரின் உழைப்புக்கு மேடையில் சால்வை வாங்கியபோது வராத சந்தோஷம் அன்றைக்கு வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார், அவருக்குப் புரியவில்லை. அதனாலும் சந்தோஷம் குறையவில்லை.

காலிப் பெட்டியைக் கூடத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒரு காலை, வெப்பம் எல்லையைத் தாண்டியும் ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது. பிறகு நாள் முழுக்க ஒழுங்காக இருந்தது. மறுநாள் மறுபடி ஒருமுறை அதே கூத்து.

"முட்டை உள்ள இருந்திருந்தா?" என்றார் தமயந்தி.

"வெந்திருக்கும்" என்றார் கந்தவேல். "பிழை இல்லைன்னு அசெம்பிளர் சொல்லுச்சே அம்மணி?"

"நீங்க எழுதினது புரிஞ்சுதுன்னு சொல்லுச்சு. வேற ஒண்ணும் சொல்லல."

"ராக்கியப்பன் மத்தியானம் வர்றாரு. முட்டையெல்லாம் தயாரா இருக்காம். எங்க தப்புன்னு காட்டுங்களேன்."

தமயந்தி எழுந்துபோய் ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஒரு டப்பா நட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இப்ப நீங்கதான் சில்லு. கணக்குப் போட உங்களுக்கு இருக்கற ஒரே இடம் இந்த டம்ளர். உங்களுக்கு ஞாபகம்னு ஒண்ணும் கிடையாது. டம்ளர்ல என்ன இருக்கோ அதுதான். உங்க நிரலை உங்க கையால ஓட்டுங்க."

கந்தவேல் நிரலை அச்சிட்ட தாளில் விரலை வைத்து முதல் வரியைப் படித்தார். "வெப்பத்தை டம்ளர்ல எடு."

"முப்பத்தொன்பது" என்றார் தமயந்தி.

முப்பத்தொன்பது நட்டுகளை எண்ணிப் போட்டார். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. டம்ளரில் உள்ளது முப்பத்தெட்டுக்கு மேல் என்றால் ஹீட்டரை அணை. வாயைத் திறப்பதற்குள் தமயந்தி ஸ்பேனரால் மேசையைத் தட்டினார்.

"கடிகாரம் தட்டிருச்சு. ஓடுங்க."

திரையில் எண்ணைக் காட்டுவது தனிப் பகுதி. கடிகாரம் தட்டும்போதெல்லாம் சில்லு செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு அங்கே ஓடி, வேலையை முடித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். கந்தவேல் அந்தத் தாளை எடுத்தார்.

"திரைக்கு வேண்டிய எண்ணை டம்ளர்ல எடு."

"ஏழு."

டம்ளரை மேசையில் கவிழ்த்தார். ஏழு நட்டுகளைப் போட்டார். காட்டினார். தாளை வைத்துவிட்டு, பழைய தாளில் விட்ட வரிக்கே விரலைக் கொண்டுவந்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏழு. முப்பத்தெட்டுக்குக் கம்மி. ஹீட்டர் எரியட்டும்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. மேசையெல்லாம் நட்டு சிதறிக் கிடந்தது.

"கொட்டினது ஆரு?" என்றார் தமயந்தி.

"நான்தான்."

கந்தவேல் தானாகவே மேலும் சொன்னார். "கொட்டறதுக்கு முன்னாடி இருந்ததை எடுத்து ஓரமா வெச்சிருக்கணும். கிளம்பும்போது திருப்பிப் போட்டிருக்கணும். டம்ளருக்கு ரெண்டு வரி. ஒப்பிட்ட முடிவு இருக்கற இடத்துக்கும் அதே மாதிரி ரெண்டு வரி."

"எழுதுங்க."

எழுதினார். என்டர் தட்டினார். இந்த முறை அசெம்பிளர் மறுத்தது. இடம் போதவில்லை, எட்டு பைட் அதிகம்.

கந்தவேல் நாற்காலியில் சாய்ந்தார்.

"பெரிய சில்லு போட்டா என்ன அம்மணி?"

"போடலாமே. போர்டை மாத்தணும், பெட்டி ஒரு மாசம் தள்ளிப்போகும். எதுக்காகன்னு ராக்கியப்பன்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

கந்தவேல் தாளை முதலிலிருந்து எடுத்தார். தமயந்தி பக்கத்தில் வந்து நின்று, கண்ணில் பட்ட வரியைத் தொட்டார்.

"இது எதுக்கு?"

"தட்டு பாதி சாயறப்ப மோட்டார் சிக்கிக்கிட்டா நிறுத்தறதுக்கு. எடுக்க முடியாது."

"இது?"

"கதவு திறந்திருந்தா விசிறி நிக்கணும். எடுக்கக் கூடாது."

"இந்த ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே?"

"பாக்க அப்படி இருக்கும். முதல்ல பாத்த வெப்பத்தை நம்பக் கூடாது, கம்பி ஆடினா எண் தாவும். அதான் மறுபடி பாக்கறேன்."

கேட்கக் கேட்க அவர் குரல் நிமிர்ந்தது. எந்த வரியைத் தொட்டாலும் அது ஏன் அங்கே இருக்கிறது, எடுத்தால் எது கெடும் என்று தட்டுத்தடுமாறாமல் சொன்னார். கடைசித் தாள்வரை வந்தார்கள். கடைசி வரியில் தமயந்தியின் விரல் நின்றது.

"இது?"

"என் பேரு."

"எடுத்தா என்ன கெடும்?"

கந்தவேல் அந்த எட்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஏதோ லேத்து இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது. அவருக்கு வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். பிறகு அந்த வரியை அவரே அழித்தார். என்டர் தட்டினார். பிழை எதுவும் இல்லை. சில்லில் மிச்சமும் எதுவும் இல்லை.

"உங்க பேரு எத்தனை சில்லுல இருக்கு அம்மணி?"

"எனக்கு இன்னும் ஒண்ணுலயும் இடம் மிஞ்சல" என்றார் தமயந்தி, நட்டுகளைப் பொறுக்கியபடி.

புதிய சில்லைப் போட்டு, கடிகாரத்தை வேண்டுமென்றே வேகமாகத் தட்டவைத்துச் சோதித்தார்கள். ஹீட்டர் ஒரு தடவையும் அசடு வழியவில்லை. மத்தியானம் ராக்கியப்பன் வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மனிதர் ஏற்கெனவே சூடுபட்டவர்.

"முந்தி ஒரு பொட்டி வாங்கினனுங்க. என்ன கேட்டாலும் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றோம்னாங்க. கடைசிவரைக்கும் ஒருத்தனும் சொல்லல. இதுல நடுவால கரண்ட் போயிட்டு வந்தா என்னாகும்?"

கந்தவேல் பழக்க தோஷத்தில் தமயந்தியின் பக்கம் திரும்பினார். தமயந்தி அதே டம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், நிமிரவேயில்லை.

கந்தவேல் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"வந்ததும் ஹீட்டரைப் போடாதுங்க. முதல்ல வெப்பத்தைப் பாக்கும். மறுபடி பாக்கும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் போடும். தட்டு எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு அதுக்கு மறந்துபோயிருக்கும். அதனால ஓரத்துல இருக்கற சுவிட்சைத் தொட்டுப் பாத்துட்டு, அங்கிருந்து ஆரம்பிக்கும். முட்டைக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"ஆரையும் கேக்க வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

ராக்கியப்பன் அவரை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். பிறகு தமயந்தியிடம் கேட்டார்.

"அன்னிக்கே பாத்தனே. இவரு ஆருன்னு சொன்னீங்க?"

தமயந்தி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுதினவருங்க."